செம்பனைக் காட்டில் ஒரு நல்ல படம் தேடுவது எப்படி?

லாபிஸ் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களின் கைப்பேசியில் ஊர்ப்படங்களுக்குக் குறைவிருக்காது. ஆனால் வீட்டுச் சுவரில் மாட்டும்படி ஒன்று தேறுவது அரிது. கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே பச்சை, மேலே வெளுத்த வானம். நேரில் நிற்கும்போது கண் தனக்கு வேண்டியதை மட்டும் பார்த்துக்கொள்ளும்; கேமரா எல்லாவற்றையும் சேர்த்து அள்ளிவிடும்.

செம்பனையை எடுக்க, அதை நட்ட முறை தெரிந்திருக்க வேண்டும். சமதரையில் ஏறக்குறைய 9 மீட்டர் இடைவெளியில், முக்கோண வடிவில், ஹெக்டருக்குச் சுமார் 140 மரங்கள் நடுகிறார்கள். அதனால் நேர்நிரைகள் ஒரு திசையில் மட்டுமல்ல, மூன்று திசைகளில் ஓடும். குழப்பமாகத் தெரியும் இடத்தில் பக்கவாட்டில் இரண்டு மூன்று அடி நகர்ந்தாலே, மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்து நீண்ட நிரை திறந்துகொள்ளும். பொதுவாக ஓர் இடைவெளியில் வெட்டிய மட்டைகளை அடுக்கியிருப்பார்கள். அடுத்தது குலை இறக்கும் பாதை. படத்துக்கு உகந்தது இந்தப் பாதைதான். மேட்டு நிலத்தில் படிக்கட்டு வெட்டி நடுவதால் நேர்நிரை கிடைக்காது. அங்கே படிகளின் வளைவையே படத்தின் கோடாகக் கொள்ளலாம்.

அகலக் கோணத்தில் முழுத் தோட்டத்தையும் அடக்க முயல்வதுதான் பலரும் செய்யும் தவறு. கைப்பேசியில் 2 அல்லது 3 மடங்கு லென்சுக்கு மாறி, வானத்தை முற்றிலும் விலக்கிப் பார்க்க வேண்டும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எலியட் போர்ட்டர், பெருங்காட்சியை விட்டு இலை, பட்டை, ஓடை என அருகில் பார்த்தவர். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 1979இல் அவருடைய படங்களைத் தனிக் கண்காட்சியாக வைத்தது. பால்மரத்துக்கும் இந்த வழி பொருந்தும். சரிந்து இறங்கும் வெட்டுக்கோடும் அடியில் தொங்கும் மங்கும் போதும், தோட்டம் முழுவதும் நினைவுக்கு வந்துவிடும். ஆண்டின் தொடக்க மாதங்களில் இலை சிவந்து உதிரும்போது, பச்சைத் தொல்லையும் தீரும்.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்கிறது. படமெடுப்பவருக்கும் பொழுது பாதி வேலை. லாபிஸ் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 2 பாகைக்குச் சற்று மேல் இருப்பதால், சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறும். காலை 7 மணி வாக்கில் உதித்தால், அரை மணி நேரத்துக்குள் மென்மையான ஒளி போய்விடும். வெயில் வருமுன் பனிமூட்டம் இருந்தால் அதிர்ஷ்டம். பின்னாலுள்ள மரங்களை மூட்டம் மறைத்து, முன்னிற்பவற்றைப் பிரித்துக் காட்டும். அப்போது திரையில் வெளிச்சமான பகுதியைத் தொட்டு, ஒளியளவைச் சற்றுக் குறைக்க வேண்டும்.

பெக்கோக் பக்கமுள்ள சுங்கை பந்தாங் நீர்வீழ்ச்சிக்கு இதற்கு நேர்மாறான விதி. மேகமூட்டமான நாளே அங்கு நல்லது. வெயிலில் நீர் வெள்ளைத் திட்டாகிவிடும். முக்காலியில் வைத்து அரை விநாடி திறந்தால் நீரின் ஓட்டம் தெரியும். போலரைசர் வடிகட்டி, ஈர இலைகளின் பளபளப்பைக் குறைக்கும். தண்ணீர் திடீரெனக் கலங்கி, இலை தழைகளை அடித்துவந்தால் படத்தை விட்டுவிட்டுக் கரையேற வேண்டும். மேலே மழை பெய்திருக்கும்.

தண்டவாளத்தின் நடுவே நின்று எடுக்கும் ஆசையும் வேண்டாம். கிம்மாஸ்–ஜொகூர் பாரு பாதை இப்போது மின்சார இரட்டைத் தடம். இறங்குவது குற்றம், உயிருக்கும் ஆபத்து. தோட்டத்துக்குள் போவதற்கும் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

கடினமானது லயன் வீடுகள். பால்மரம் போய்ச் செம்பனை வந்து, குடும்பங்கள் பட்டணம் சேர்ந்தபின் பல இடங்களில் எஞ்சியவை ஒரு கோயில், ஒரு கிணறு, ஒரு மாமரம். வெற்றிடத்தை மட்டும் எடுத்தால் பார்ப்பவருக்கு எதுவும் புரியாது. கோயிலைச் சிறிதாக ஓரத்தில் வைத்து, வீடுகள் நின்ற நிலத்தை முன்னால் விரித்துக்காட்டினால் இல்லாதது தெரியும். அங்கே வாழ்ந்த பெரியவர் ஒருவரை, தம் வீட்டு வாசல் இருந்த இடத்தில் நிற்கச் சொல்லலாம். பிரதி எடுத்ததும் பின்புறத்தில் தோட்டத்தின் பெயர், டிவிஷன், தேதி மூன்றையும் பென்சிலால் எழுதிவைக்க வேண்டும்.