ஒரே வார்டு, இரண்டு சம்பளம்: தாதியர் எங்கே முறையிடலாம்?

வட்டகொடை, தலவாக்கலைப் பக்கத்திலிருந்து கண்டிக்கும் கொழும்புக்கும் போகும் பிள்ளைகள் சிலர் தனியார் மருத்துவமனைகளில் தாதியராகச் சேர்கிறார்கள். நானும் அப்படிப் போனவள்தான். வன்னியிலிருந்து வந்த பிள்ளைகளும் என்னோடு இரவுக் கடமை பார்த்தார்கள். ஒரே வார்டு, ஒரே வேலை. ஆனால் மாத முடிவில் கைக்கு வந்த தொகை ஆளுக்கு ஆள் வேறு. காரணம் கேட்டால் “அது அப்படித்தான்” என்பார்கள்.

மலையகத்துக்கு இது புதிதல்ல. தோட்டங்களில் ஆணுக்கு ஒரு நாட்சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த நாட்சம்பளம் என்றே நெடுங்காலம் இருந்தது. 1984 இல் தொழிற்சங்கங்கள் நடத்திய வேலைநிறுத்தத்துக்குப் பிறகே இருவருக்கும் சம சம்பளம் கிடைத்தது.

முதலில், வித்தியாசம் எதில் என்று பாருங்கள். அடிப்படைச் சம்பளத்திலா, கொடுப்பனவிலா, மேலதிக நேரத்திலா, பதவிப் பெயரிலா? இலங்கைத் தாதியர் சபையில் பதிவு பெற்றவருக்கும் ‘உதவித் தாதி’ என்று சேர்க்கப்பட்டவருக்கும் சம்பளம் வேறுபடலாம். ஆனால் இருவரிடமும் ஒரே வேலையை வாங்கினால், அந்தப் பதவிப் பெயரையே கேள்வி கேட்க வேண்டும்.

அரச மருத்துவமனைகளில் அடிப்படைச் சம்பளம் சுற்றறிக்கைப்படி வருவதால், பிணக்கு பெரும்பாலும் கொடுப்பனவிலேயே எழுகிறது. 2024 ஜனவரியில் மருத்துவர்களின் விசேட கொடுப்பனவு 35,000 ரூபாவிலிருந்து 70,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. தங்களுக்கும் 35,000 ரூபா வேண்டும் என்று தாதியர் உள்ளிட்ட சுகாதாரத் தொழிற்சங்கங்கள் பெப்ரவரியில் பணிப்பகிஷ்கரிப்பில் இறங்கின. அரச ஊழியருக்கு இன்னொரு வழியும் உண்டு. அரசியலமைப்பின் 12 ஆவது உறுப்புரை சமத்துவத்தை உறுதி செய்கிறது. அது மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்யலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவிலும் முறையிடலாம்.

தனியார் துறையில் இந்த உறுப்புரை நேரடியாகக் கைகொடுக்காது. சம வேலைக்குச் சம ஊதியம் பற்றிய சர்வதேச தொழில் அமைப்பின் 100 ஆவது சமவாயத்தை இலங்கை 1993 இல் ஏற்றுக்கொண்டது. ஆயினும் ஒரு தாதி தன் முதலாளிக்கு எதிராக அதை நேரடியாகப் பயன்படுத்த முடியாது. அவர் கையில் இருப்பவை வேறு:

• தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம். 2025 ஏப்ரல் முதல் 27,000 ரூபா, 2026 ஜனவரி முதல் 30,000 ரூபா.

• ஊழியர் சேமலாப நிதி. முதலாளி 12 வீதம், ஊழியர் 8 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மேலும் 3 வீதம் செலுத்த வேண்டும். சம்பளத்தில் பிடித்த பணம் நிதிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கட்டாயம் பாருங்கள்.

• தொழிற்சங்கம். 7 பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம்.

குறைந்தபட்சச் சம்பளமோ சேமலாப நிதியோ மறுக்கப்பட்டால் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். சட்டப்படி எல்லாம் கொடுத்துவிட்டு ஒருவருக்கு மட்டும் கூடக் கொடுத்தால், அதைத் தட்டிக் கேட்கச் சங்கம்தான் வேண்டும்.

முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்வது அரசியலமைப்பு தந்த உரிமை. நியமனக் கடிதம், சம்பளப் பட்டியல், கடமை நேர அட்டவணை ஆகியவற்றின் பிரதிகளை வீட்டிலும் ஒரு தொகுதி வைத்துக்கொள்ளுங்கள். இடம்பெயர்வில் சான்றிதழ்களைத் தொலைத்தவர்களுக்கு ஒரு தாளின் பெறுமதியைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சான்றிதழ் கையில் இல்லை என்பதையே சாட்டாக வைத்துச் சிலரைக் குறைந்த சம்பளத்துக்குச் சேர்த்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்படிச் சேர்ந்தவர்கள் தாதியர் சபையிலும் படித்த இடத்திலும் மறுபிரதிக்கு இன்றே விண்ணப்பியுங்கள். தாள் கைக்கு வந்த பிறகு, சம்பளத்தைத் திருத்தும்படி எழுத்தில் கேளுங்கள்.