எல்லைக்கல்லும் மின்கம்பமும்: பாறசாலையின் மின்வழங்குநரைத் தேர்ந்தவர் யார்?

பிரித்தானியாவில் 1999 முதலும், அமெரிக்காவின் டெக்சாஸில் போட்டிக்குத் திறந்துவிடப்பட்ட பகுதிகளில் 2002 முதலும், எந்த நிறுவனத்திடம் மின்சாரம் வாங்குவது என்பதை வீட்டுக்காரரே முடிவு செய்கிறார். நெய்யாற்றின்கரை வட்டத்தின் எல்லைக் கிராமங்களில், பாறசாலையிலும் இஞ்சிவிளையிலும், அந்த முடிவு ஒரே ஒரு முறைதான் எடுக்கப்பட்டது: 1956 நவம்பர் 1 அன்று. எடுத்தது எந்த வீடும் அன்று.

அதற்கு முன் பாறசாலையும் களியக்காவிளையும் ஒரே சமஸ்தானத்து ஊர்கள். திருவனந்தபுரத்தில் 1929இல் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1940இல் பள்ளிவாசல் நீர்மின் திட்டம் செயல்பாட்டுக்கு வந்தது. இரண்டும் திருவிதாங்கூர் அரசின் முயற்சிகள். எனினும் அந்த மின்சாரம் பெரிதும் நகரங்களுக்கும் தொழிற்கூடங்களுக்குமே போயிற்று. சிற்றூர் வீடுகளில் பெரும்பாலானவை மண்ணெண்ணெய் விளக்கில்தான் இருந்தன. ஆகவே எல்லை வரையப்பட்டபோது இக்கிராமங்களின் பெரும்பாலான வீடுகளுக்கு மின்வழங்குநர் மாறவில்லை. மின்சாரம் வருவதற்கு முன்பே வழங்குநர் யார் என்பது தீர்ந்துபோயிருந்தது.

எல்லை அமைதியாக வரையப்பட்டதும் அன்று. நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவற்றோடு நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீருமேடு வட்டங்களையும் தமிழகத்துடன் இணைக்கக் கோரியது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பலியாயின. மறுசீரமைப்பின் முடிவில் தென்முனையின் நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. தேவிகுளமும் நின்றது. பள்ளிவாசல் மின்நிலையம் இருப்பது அந்தத் தேவிகுளம் வட்டத்தில்தான். மொழியின் வழக்காகவே நினைவுகூரப்படும் இந்தப் போராட்டத்தில் நீரும் மின்சாரமும் எவ்வளவு எடை கொண்டிருந்தன என்பது இன்னும் விரிவான ஆய்வுக்குரியது.

1948ஆம் ஆண்டின் மின்வழங்கல் சட்டம் மாநிலத்துக்கு ஒரு வாரியம் என்ற அமைப்பை வகுத்திருந்தது. 1957 மார்ச் இறுதியில் கேரள மின்வாரியமும் அதே ஆண்டு ஜூலையில் சென்னை மாநில மின்வாரியமும் பிறந்தன. கோதையாறு நீர்மின் நிலையம் 1970இல் உருவானது. வேடிக்கை என்னவென்றால், நெய்யாறு இடதுகரைக் கால்வாயின் தண்ணீர் பல்லாண்டுகள் எல்லை தாண்டி விளவங்கோட்டு வயல்களுக்குப் பாய்ந்தது, 2004இல்தான் நின்றது. வீட்டு மின்இணைப்புக்கு அந்தச் சலுகைகூட வாய்க்கவில்லை. தண்ணீருக்கு வாய்க்கால் இருந்தது. மின்சாரத்துக்கு உரிம எல்லை இருந்தது.

2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் போட்டியை முன்வைத்து வந்தது. ஆனால் விரும்பியவரிடம் மின்சாரம் வாங்கும் திறந்த அணுகல், 1 மெகாவாட்டுக்கு மேல் தேவைப்படும் நுகர்வோருக்கே முதலில் உறுதிசெய்யப்பட்டது. 2022இன் பசுமை ஆற்றல் விதிகள் அந்த வரம்பை 100 கிலோவாட்டாகக் குறைத்தன. ஒரு வீட்டின் தேவையோ சில கிலோவாட். ஒரே பகுதியில் இரண்டாவது உரிமதாரருக்கும் சட்டம் இடம் தருகிறது. அவர் தம் சொந்தக் கம்பிவலையை அமைத்துக்கொள்ள வேண்டும். மும்பை புறநகரில் இது நடைமுறையானது. 2008ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பையும் 2009இல் மகாராஷ்டிர ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆணையையும் அடுத்து, ரிலையன்ஸ் கம்பியிலேயே டாடா மின்சாரத்தை வாங்க வீடுகளுக்கு வழி பிறந்தது. அங்கே இரண்டு பெருநிறுவனங்கள் முன்பே வேரூன்றியிருந்தன. பாறசாலையில் இரண்டாவது கம்பி என்று ஒன்று இருந்தால், அது எல்லைக்கு அப்பாலுள்ள தமிழகத்தின் கம்பிதான்.

2016 மே மாதம் தமிழக அரசு எல்லா வீட்டு இணைப்புகளுக்கும் இரு மாதங்களுக்கு 100 யூனிட்டை இலவசமாக்கியபோது இந்த அருகாமைக்குப் புதிய பொருள் வந்தது. ஒரே குடும்பத்தின் கிளைகள் களியக்காவிளையிலும் இஞ்சிவிளையிலும் வாழும் நிலப்பரப்பு இது. விளவங்கோட்டுப் பெண் பாறசாலையில் வாழ்க்கைப்பட்டால் மின்வழங்குநரும் மாறிவிடுகிறார். இங்கே வழங்குநரை மாற்றிக்கொள்ள இருக்கும் வழி ஏறத்தாழ அது ஒன்றே. ஆனால் அண்டை வீட்டுக் கட்டணச் சீட்டை மலிவான கடையின் விலைப்பட்டியல்போல் படிப்பது பிழை. அந்த 100 யூனிட்டின் விலையைத் தமிழக அரசின் கருவூலம் மானியமாகச் செலுத்துகிறது. அது சந்தை தந்த விலை அன்று. வாக்காளர் என்ற தகுதிக்குக் கிடைத்த விலை. அந்த வாக்குரிமை எங்கே இருக்க வேண்டும் என்பதைத்தான் 1956 தீர்மானித்தது.

2022 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமான மின்சாரத் திருத்த மசோதா, ஒரே கம்பிவலையைப் பல உரிமதாரர்கள் பகிர்ந்துகொள்ள வழிசெய்தது. இலாபமுள்ள நுகர்வோரைத் தனியார் கவர்ந்துகொள்வர், ஏழை வீடுகளும் விவசாய இணைப்புகளும் அரசு நிறுவனத்தின் தலையில் மிஞ்சும் என்ற அச்சத்தில் கேரளமும் தமிழகமும் அதை எதிர்த்தன. எல்லையின் இருபுறமும் ஒரே குரல் எழுந்த அரிய தருணம் அது. 2024இல் மக்களவை கலைந்தபோது மசோதா காலாவதியானது. நிறைவேறியிருந்தாலும் பாறசாலைக்கு வரும் இரண்டாவது வழங்குநர் கேரள ஒழுங்குமுறை ஆணையம் வகுக்கும் கட்டண வரம்புக்குள்தான் விற்றிருக்க முடியும். களியக்காவிளையின் 100 யூனிட் அந்த வழியாகவும் இஞ்சிவிளைக்கு வந்திராது.