எழுத்தும் குறியெண்ணும்: கொரிய அசைகளும் தமிழ் உயிர்மெய்களும்

ஈப்போவைச் சூழ்ந்த இரப்பர்த் தோட்டப் பள்ளிகளில் பயின்ற தலைமுறை, தமிழ் எழுத்து 247 என்று ஓதிப் பழகியது: உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. இன்றைய மாணவர் கணினியில் ‘தமிழ்’ எனத் தட்டெழுதினால், அம்மூன்றெழுத்துச் சொல் ஐந்து குறியெண்களாகப் பதிவாகிறது: த, ம, இகரக்குறி, ழ, புள்ளி. இவ்வேறுபாடு தோன்றிய வரலாற்றைக் கொரிய மொழியோடு ஒப்பிட்டுக் காண்போம்.

கொரியர் ஒலியெழுத்துகளைக் கூட்டி அசைக் கட்டமாக எழுதுவர். முதலொலி 19, நடுவொலி 21, இறுதியொலி 27. இறுதியின்றி நிற்பதையும் சேர்த்தால் 28. இவற்றைப் பெருக்க 11,172 அசைகள் கிடைக்கும். 1987ஆம் ஆண்டின் கொரியத் தேசியத் தரம் 2,350 அசைகளையே கொண்டிருந்தது. 1996இல் வெளிவந்த யூனிகோடு 2.0 அனைத்துக்கும் வரிசை பிறழாமல் தனியிடம் தந்தது. அதற்காக, முன்பே இடம்பெற்றிருந்த அசைகள் பெயர்க்கப்பட்டன. பழைய கோப்புகள் புதிய ஏற்பாட்டோடு பொருந்தாமற்போயின. அவ்விடர்ப்பாட்டின் பயனாக, ஒருமுறை இடம்பெற்ற எழுத்தைப் பெயர்ப்பதில்லை என்னும் விதி உறுதியாயிற்று.

தமிழோ 1991இலேயே, இந்தியாவின் இஸ்கி தரத்தைத் தழுவி, 128 இடங்கள் கொண்ட பகுதியில் அமர்த்தப்பட்டது. அக்காலத்தில் நம் நாட்டு முரசு அஞ்சல் உள்ளிட்ட மென்பொருள்கள் தத்தம் குறியீட்டிலேயே இயங்கின. 1999இல் தமிழ்நாட்டரசு ஏற்ற தாம், தாப் என்னும் தரங்களும் 256 இடங்களுக்குள் அடங்கியவையே. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் தரும் டேஸ் 16, யூனிகோட்டோடு சேர்த்து 2010இல்தான் அரசுத் தரமாயிற்று. அதற்குள் காலம் கடந்திருந்தது. அது யூனிகோட்டின் தனிப்பயன் பகுதியிலேயே தங்கியது.

இதனால் இலக்கணம் இழுக்குற்றதா? மெய் புள்ளி பெறும் என்றும், அகரம் ஏறினால் புள்ளி நீங்கும் என்றும், பிற உயிர் ஏறினால் வடிவு திரியும் என்றும் தொல்காப்பியம் கூறும். யூனிகோட்டின் அமைப்பு இவ்வரிவடிவ நெறியோடு ஒத்துச் செல்கிறது. ஒலி நெறியிலோ மெய்யே முதல். அகரம் பின்னர் வந்து சேர்வது. அங்கே யூனிகோடு தலைகீழாய் நிற்கிறது. குறியெண் வரிசையும் நெடுங்கணக்கன்று. னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்கின்றன. ஆதலால் அகரவரிசைப்படுத்தத் தனி விதி வேண்டியதாயிற்று.

ஆசிரியப் பெருமக்களே! குறியெண் என்பது சேமிப்புக்கான ஏற்பாடு. எழுத்து என்பது மொழியின் உறுப்பு. ‘தமிழ்’ மூன்றெழுத்தே என்பதை மாணவர்க்கு உறுதியாகக் கற்பியுங்கள். மாணவர்களே! குறியெண்களைக் கூட்டி எழுத்தாக எண்ணும் நிரலை நீங்களே எழுதிப் பாருங்கள். தரங்கள் வகுக்கப்படும் அவையில் உரிய காலத்தில் அமர்வதற்கு, இலக்கணமும் கணினியும் ஒருங்கே அறிந்தோர் நமக்கு வேண்டும்.