புரட்டாதி மாதத்துத் துலா

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியிற் பெய்யும் மழை சுண்ணக்கற் பாறையினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீர்ப் படையாக மிதக்கின்றது. கோப்பாய், உரும்பிராய், இணுவில், சுன்னாகம் முதலிய செம்மண் ஊர்களிலே தோட்டஞ் செய்தவர்கள் அந்தப் படையை நம்பியே வாழ்ந்தனர். நெடுங்கோடை கழிந்து கிணற்று நீர் மிகத் தாழ்ந்து நிற்கும் காலம் புரட்டாதி. அம்மாதத்து ஒரு நாள் எவ்வாறு கழிந்தது என்று நோக்கினால், அக்குடும்பங்களின் வரலாறு ஓரளவு விளங்கும்.

விடியுமுன்னரே இறைப்புத் தொடங்கும். ஆடுகாலிற் பொருத்திய துலாவின்மேல் ஒருவரோ இருவரோ ஏறிக் கிணற்றுப் பக்கம் நடந்தால் பட்டை நீருள் இறங்கும். பின்பக்கம் நடந்தால் நிறைந்து மேலே வரும். கிணற்றடியில் நிற்பவர் அதனை வாய்க்காலிற் கவிழ்ப்பார். மற்றொருவர் மண்வெட்டியுடன் நின்று, மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவார். ஒரு குடும்பத்தில் இத்தனை ஆள் இல்லையேல் அயலவர் வந்து கைகொடுப்பர். மறுநாள் இவர்கள் அங்கே போய் மிதிப்பர். கால் தவறினால் வீழ்வது கிணற்றிலே.

நிலமோ பரப்புக் கணக்கிற் பேசப்படுவது. 16 பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். 1707ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை சீதனத்தை வகுத்துரைத்தது. மகளுக்கு மகள் நிலம் பிரிந்தது. கிணற்றைப் பிரிக்க முடியுமா? ஆகவே கிணற்றுப் பங்கும், வழியும், வாய்க்காலும் உறுதிகளிலே தனித்தனியே எழுதப்பட்டன. முறை தவறி இறைத்தவனால் மூண்ட வழக்குகள் கொஞ்சமல்ல.

வெயில் ஏறியதும் பழஞ்சோறு. அதன்பின் ஆண்கள் வயலுக்குப் போவர். ஐப்பசி மழையை எதிர்பார்த்துப் புழுதியிலே நெல் விதைக்கும் நாள் அது. மழை பிந்தினால் விதை எறும்புக்கும் குருவிக்கும் இரையாகும். வீட்டிலே பெண்களுக்கும் ஓய்வில்லை. விழுந்த பனம்பழங்களைப் பிள்ளைகள் பொறுக்கி வர, அவற்றைப் பிசைந்து களியெடுத்து, பாயிலே வார்த்துக் காயவைத்துப் பனாட்டு ஆக்குவர். எஞ்சிய கொட்டைகள் பாத்தியில் அடுக்கப்படும். தை மாதத்திலே கிழங்கு கிண்டலாம். துலாவைப் பற்றிப் பலர் எழுதினர். பனங்களி பிசைந்த கைகளைப் பற்றி எழுதியவர் மிகச் சிலரே. புரட்டாதிச் சனியில் எள்ளெண்ணெய் விளக்கேற்றி, காக்கைக்குச் சோறு வைத்த பின்னரே அவர்கள் உண்டனர்.

இக்காட்சி இனிதெனினும், இதன் மறுபுறத்தை மறைத்தல் நேர்மையாகாது. துலா மிதித்த கூலியாட்களுட் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். இலங்கையில் அடிமை முறை 1844ஆம் ஆண்டிலே சட்டப்படி ஒழிந்தது. எனினும், தாம் மிதித்து இறைத்த அதே கிணற்றிலே தம் கையாலே குடிநீர் அள்ள அவர்களுக்கு உரிமையில்லை. பிறர் வார்க்க, கையேந்திக் குடித்தனர். சாதி காரணமாகப் பொது இடங்களில் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கிய சட்டம் 1957ஆம் ஆண்டிலே வந்தது. கிணற்றடியிலே வழக்கம் அதன் பின்னும் நெடுநாள் நீடித்தது.

ஏறத்தாழ அக்காலத்திலேதான் மண்ணெண்ணெய் இயந்திரமும் தோட்டங்களுக்கு வந்தது. பலர் கூடிச் செய்த இறைப்பை ஒருவரே முடித்தார். மிதித்தவர்களின் முழங்காலை அறிந்தோர் அதனைக் குறை கூறார். 1970 முதல் 1977 வரை வெங்காயம், மிளகாய் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, அந்த இயந்திரத்தின் துணையாலே குடாநாட்டுத் தோட்டக்காரர் முன்னொருபோதும் காணாத வருவாய் கண்டனர். ஆனால் துலா இறைத்த காலத்திலே மனிதர் களைத்தபோது கிணறும் ஓய்ந்தது. இடையிலே நீர் ஊறியது. இயந்திரம் களைப்பதில்லை. கடலையடுத்த இடங்களிலே அடியிலிருந்த உவர்நீர் மேலெழுந்தது. குழையும் ஆட்டெருவும் இட்ட மண்ணிலே செயற்கை உரம் மிகுதியாக இடப்பட, அதன் நைத்திரேற்று நீரோடு கலந்து கீழிறங்கியது. சுன்னாகப் பகுதியின் கிணறுகள் பலவற்றில் அது, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைக் கடந்திருப்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன.