கடலைப் பருப்பும் கொலுசுத் திருகாணியும்

ஆடிப்பட்டத்தில் விதைத்த கடலைக்காயைப் பிடுங்கிக் களத்தில் குவித்து, பெண்கள் உட்கார்ந்து காய் ஆய்வது ராசிபுரம், திருச்செங்கோடு, ஓமலூர்ப் பக்கங்களில் பழகிய காட்சி. மடியோரம் விளையாடும் பிள்ளையின் வாய்க்குள் ஒரு பருப்பு போவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் வீடுகளிலேயே வெள்ளிக் கொலுசு வேலை நடக்கிறது. அங்கே பிள்ளை ஒரு திருகாணியை வாயில் போட்டால் வீடே பதறும். பருப்பு, திருகாணி இரண்டும் மூச்சுக்குழாய்க்குள் போனால் என்ன செய்யும் என்று ஒப்பிட்டுப் பார்த்தால், நம் பயம் இடம் மாறி நிற்பது தெரியும். அதிகம் அஞ்ச வேண்டியது பருப்புக்குத்தான்.

உள்ளே போகும் வழி இரண்டுக்கும் ஒன்றே. ஒன்றிலிருந்து மூன்று வயதுவரை பிள்ளைகளுக்குக் கடைவாய்ப் பற்கள் சரியாக வந்திருக்காது. விழுங்குவதும் மூச்சுவிடுவதும் அவ்வளவாக ஒத்துப்போகாது. சிரிக்கும்போதோ அழும்போதோ ஓடும்போதோ ஆழமாக இழுக்கும் மூச்சோடு பொருளும் இறங்கிவிடும். வலப்பக்க மூச்சுக்கிளை சற்று அகலமானது, செங்குத்தாகவும் இறங்குவது. அதனால் பெரும்பாலும் அங்கேதான் போய் உட்காரும். பிள்ளைக்குப் புரையேறும், கடுமையாக இருமும், கண்ணில் நீர் முட்டும். சில நிமிடங்களில் இருமல் அடங்கிவிடும். தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்த வீட்டார், சரியாகிவிட்டது என்று வேலையைப் பார்க்கப் போவார்கள்.

இந்த அமைதிக்குப் பிறகு இரண்டின் கதையும் பிரிகிறது. கடலைப் பருப்பு ஈரத்தை உறிஞ்சி ஊதும். அதிலுள்ள எண்ணெய் மூச்சுக்கிளையின் உட்தோலை எரிச்சலூட்டிப் புண்ணாக்கும். தோலும் வீங்க, பருப்பும் வீங்க, வழி குறுகும். மூச்சை இழுக்கையில் கிளை சற்று விரிவதால் காற்று உள்ளே போகும். விடுகையில் சுருங்குவதால் வெளியே வராது. ஒருவழிக் கதவு போட்டதுபோல அந்த நுரையீரல் ஊதிக்கொண்டே போய் இதயத்தை எதிர்ப்பக்கம் தள்ளும். சில சமயம் காற்றுப்பை கிழிந்து நெஞ்சுக்கூட்டுக்குள் காற்று கசியும். வழி முழுதும் அடைபட்டால் அதற்கு அப்பால் உள்ள பகுதி காற்றில்லாமல் சுருங்கிவிடும். தேங்கிய சளியில் கிருமி பெருகி நிமோனியா வரும். வாரக்கணக்கில் விட்டால் சீழ்க்கட்டி. மாதக்கணக்கில் விட்டால் கிளைகள் நிரந்தரமாக விரிந்து சிதைந்துபோகும். அந்தச் சிதைவு, பருப்பை எடுத்த பின்னும் சரியாகாது.

திருகாணி இத்தனை கொடுமை செய்வதில்லை. உலோகம் ஊதாது, எண்ணெய் விடாது, பக்கவாட்டில் காற்றுக்கு வழியும் இருக்கலாம். நாட்பட்டால் அதைச் சுற்றியும் சதை வளர்ந்து மூடும், இரத்தம் கசியும், கூர்முனை குத்தும். ஆனாலும் அதற்கு ஒரு பெரிய நற்குணம் உண்டு: எக்ஸ்-ரேயில் பளிச்சென்று தெரியும். வீட்டார் பதறி ஓடிவருவதாலும் படத்தில் தெரிவதாலும் அன்றைக்கோ மறுநாளோ வெளியே எடுத்துவிட முடிகிறது.

பருப்பு படத்தில் தெரியாது. தெரிந்தால் அதன் விளைவுதான் தெரியும். தொடக்கத்தில் அதுவும் தெரியாமல் போகலாம். ஆகவே பிள்ளைக்குச் சளி என்றும் வீசிங் என்றும் மருந்து தொடரும். மருந்து கொடுத்தால் காய்ச்சல் இறங்கும், நிறுத்தினால் ஏறும். ஒவ்வொரு முறையும் அதே பக்கத்து நுரையீரல். உள்ளே சிக்கியதை எடுத்துவிடுவதாகச் சொல்பவரிடம் ‘தொக்கம் எடுக்க’த் தூக்கிப்போகும் வழக்கமும் நம் பக்கத்தில் இருக்கிறது. நம்பிக்கையோடு போகிற தாயைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் மூச்சுக்கிளையில் இருப்பதை வாயால் ஊதியோ உறிஞ்சியோ எடுக்க முடியாது. அங்கே கழியும் ஒவ்வொரு நாளும் பருப்பு ஊறுகிற நாள்.

எடுப்பதிலும் வேறுபாடு உண்டு. 1897இல் ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் குஸ்தாவ் கில்லியன் ஒரு விவசாயியின் வலது மூச்சுக்கிளையில் சிக்கிய பன்றி எலும்புத்துண்டைக் குழாய்க்கருவி விட்டு எடுத்தார். மூச்சுக்குழாய் உள்நோக்கி மருத்துவம் அங்கே தொடங்கியது. அமெரிக்காவின் செவாலியர் ஜாக்சன் தம் வாழ்நாளில் எடுத்த ஊக்கு, ஆணி, பொத்தான் என 2,000க்கு மேற்பட்ட பொருள்கள் பிலடெல்பியாவின் மூட்டர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 2024இல் சென்னையில் ஐந்து வயதுச் சிறுவனின் நுரையீரலிலிருந்து சிறு எல்.இ.டி. விளக்கு ஒன்றை நெஞ்சைத் திறக்காமலே எடுத்தார்கள். கெட்டிப் பொருளை இடுக்கி பிடித்தால் பிடி நிற்கும். ஊறிய பருப்போ இடுக்கியிலேயே நசுங்கி உதிரும். ஒரு துணுக்கு நழுவி நல்ல நுரையீரலுக்குள் விழுந்தால், மயக்கத்திலிருக்கும் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் அடைபடும் ஆபத்து.

உலோகத்தை இப்படிச் சாதகமாகப் பேசும்போது இரண்டு விலக்குகளைச் சொல்லியாக வேண்டும். பொத்தான் பேட்டரி உலோகம்போலத் தோன்றினாலும் ஈரத்தில் காரம் உண்டாக்கித் திசுவை அரிக்கும்; உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே கடும் புண் உண்டாகலாம். அடுத்து, உருண்டையான வழவழப்பான மணி. அது பெருங்குழாயிலேயே அடைத்தால் நிமிடங்களில் உயிர் போகும்.

பிள்ளை பலமாக இருமினால் இருமவிட வேண்டும்; வாய்க்குள் கண்மூடித்தனமாக விரலை விட்டுத் துழாவக் கூடாது. குரலும் இருமலும் வராமல் நீலம் பூத்தால், ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையை முன்கையில் தலை தாழ்ந்திருக்கும்படி குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டு. பிறகு மல்லாத்தி மார்பெலும்பில் ஐந்து அழுத்து. இதற்கிடையே இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும். மூச்சு வந்துவிட்டால் பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்து உலுக்க வேண்டாம். கீழே கிடப்பது மேலேறிக் குரல்வளையில் அடைக்கலாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை போல, காது மூக்கு தொண்டைப் பிரிவுள்ள இடத்துக்குக் கொண்டுபோய், “கடலை தின்னும்போது புரையேறுச்சுங்க” என்று முதலில் சொல்ல வேண்டும். எக்ஸ்-ரே சுத்தமாக இருந்தாலும் அந்த ஒரு வரிக்காகவே குழாய் விட்டுப் பார்ப்பார்கள்.

அடைத்தாலும் காற்றுப் போகட்டும் என்று பேனா மூடியில் துளை வைக்க ஐ.எஸ்.ஓ. 11540 தரவிதி இருக்கிறது. பொம்மைகளுக்கு 2021 முதல் இந்தியாவில் தரக்கட்டுப்பாட்டு ஆணை நடைமுறையில் உள்ளது. களத்துமேட்டுக் கடலைக்கு எந்த விதியும் வராது. நான்கு வயதுவரை பருப்பை முழுதாகக் கொடுக்காமல் மாவாகப் பொடித்து, வெல்லத்தோடு பிசைந்து கொடுப்பதை அந்தந்த வீடுதான் முடிவு செய்ய வேண்டும்.