தறியிறையும் நிலுவையும்

ஐயங்கார்குளத்துப் பெருங்குளத்தையும் சஞ்சீவிராயர் கோயிலையும் காண வருவோர், அவற்றைச் செய்வித்த லட்சுமி குமார தாதாசாரியாரை நினையாமல் திரும்புவதில்லை. விசயநகர வேந்தன் வேங்கடபதியின் காலத்தவரான அப்பெரியாரின் புகழ் நிலைபெற்றுவிட்டது. ஆயின், காஞ்சியிலும் சுற்றுப்புற ஊர்களிலும் தறியும் உளியும் சக்கரமும் கொண்டு பிழைத்தோர் என்ன ஈட்டினர், அதில் அரசுக்கு எவ்வளவு இறுத்தனர், இறுக்க இயலாதபோது என்ன ஆயினர் என்று கேட்போர் அரியர். கல்வெட்டுகளும் செப்பேடுகளும் இதற்கு விடை சொல்லாமல் இல்லை. கொடையை மட்டும் தேடும் கண்ணுக்கு அவ்விடை படுவதில்லை.

வரி என்ற சொல் கவிஞர்க்கு ஒரு பொருள்; நெசவாளர்க்கு வேறு பொருள். பல்லவர் செப்பேடுகளில் வரும் வரிப் பெயர்களைச் சற்றே நிறுத்திப் படித்தால் ஓர் உண்மை புலப்படும். தறிக்கூறை, செக்கு, வண்ணாரப்பாறை, குசக்காணம், தட்டுக்காயம் என அவை வரிசையாக நிற்கின்றன. தறி, செக்கு, துணி துவைக்கும் பாறை ஆகியன எல்லாம் கருவிகள். குசவன், தட்டான் என்பன தொழிலாளர் பெயர்கள். ஈட்டிய பொருளைச் சுட்டும் பெயர் இவற்றுள் ஒன்றுமில்லை. பிற்காலத்துத் தறியிறையும் செக்கிறையும் அவ்வழி வந்தவையே. நெய்தவன் விற்றானா, விலை போயிற்றா என்று அரசு கேட்கவில்லை. வீட்டில் தறி நிற்கிறதா என்று மட்டுமே கேட்டது.

நெசவின் இயல்பை அறிந்தவர்க்கு இதன் கொடுமை விளங்கும். பாவு தோய்வதற்குத் தெரு வேண்டும், வெயில் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாவு விரிக்க வழியில்லை. குழித்தறியில் நீர் ஊறினால் மிதிப்பலகையில் கால் வைக்கவும் இயலாது. அந்நாட்களில் வருவாய் இல்லை. ஆனால் தறி இருக்கிறது, ஆகவே இறையும் இருக்கிறது. நிலுவை என்பது பெரும்பாலும் சோம்பலால் பிறந்ததன்று, மழையால் பிறந்தது.

நிலம் உடையோர்க்கு நிலுவை எவ்வாறு முடிந்தது என்பதைச் செய்யாற்றுப் பக்கத்து உக்கல் கல்வெட்டு சொல்கிறது. ஈராண்டு முழுமையும் இறை இறாதவர் நிலத்தை ஊரார் விற்றுக்கொள்ளலாம் என்பது முதல் இராசராசன் ஆணை. விற்பதற்கு நிலம் இல்லாத கைவினைஞர்க்கு இருந்த ஒரே படைக்கலம் கால்தான். அவர்கள் ஊரை விட்டுப் பெயர்ந்தால் தறியிறையும் உடன் பெயரும். ஆகவேதான் விசயநகர காலத்தில் நெசவாளரைத் திருமடைவிளாகத்தில் குடியேற்றி, இறையைக் குறைத்தும் நீக்கியும் ஆணைகள் பிறந்தன. அருளால் பிறந்த ஆணைகள் என்று அவற்றைப் போற்றுவார் உண்டு. எனக்கு அவற்றில் கணக்கே மிகுதியாகத் தெரிகிறது.

பெயர்ந்து போவதோடு அடங்காத காலமும் ஒன்று உண்டு. 1429-இல் வலங்கை இடங்கைப் பிரிவினர் ஒன்றுகூடி, காணியாளரும் இராசகரத்தாரும் மிகுத்துக் கேட்பதைக் கொடுப்பதில்லை என முடிவு செய்தனர். தென்னார்க்காட்டு எலவானாசூரிலும், கொறுக்கை, ஆடுதுறை ஆகிய ஊர்களிலும் உள்ள கல்வெட்டுகள் அதனைக் காட்டுகின்றன. தாம் ஒற்றுமையாக இல்லாமையால்தான் இத்துன்பம் நேர்ந்தது என்று அவர்கள் உணர்ந்திருந்தனர். கொடை கொடுத்தோர் பெயரையே பொறித்துவந்த கோயிற் சுவர், ஒருமுறை கொடாதோர் சொல்லையும் ஏந்தியது.

கும்பினியார் ஆட்சியில் அதே கருவி வரி ‘மோதர்பா’ என்னும் பெயரோடு நின்றது. கைவினைஞரைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழி வந்த பெயர் அது. தச்சர், கொல்லர், நெசவாளர், கடை வைத்தோர், வழியோரத்தில் கூறுகட்டி விற்போர் என எவரையும் அது விடவில்லை. காசுலு லட்சுமிநரசு செட்டியார் முன்னின்று நடத்திய சென்னைச் சுதேசிகள் சங்கம் 1852-இல் ஆங்கிலப் பாராளுமன்றத்துக்கு ஒரு விண்ணப்பம் விடுத்தது. கருவியைப் பயன்படுத்துவதற்கான வரி, அக்கருவியின் விலையைப் போல் பலவேளைகளில் ஆறு மடங்காகிறது என்பது அதில் கண்ட முறையீடு. செல்வரைவிட வறியவரையே அது மிகுதியாகத் தாக்குகிறது என்றும் சங்கத்தார் எழுதினர்.

நிலுவை தண்டிய முறையைச் சொல்லவும் நா கூசும். எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் மூவரும் அமர்ந்த சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை 1855-இல் வெளிவந்தது. அரசிறை தண்டுவதற்காக மக்கள் வதைக்கப்பட்டதை அக்குழு உறுதி செய்தது. இரு கட்டைகளுக்கிடையே கையை வைத்து நெரிப்பது கிட்டி. கழுத்தையும் கால்விரலையும் கயிற்றால் பிணைத்துக் குனிய நிறுத்துவது அண்ணாந்தாள். இவ்விரண்டும் அவ்வறிக்கையில் நம் மொழிப் பெயர்களோடேயே இடம்பெற்றன. தறி பிடிப்பவனுக்கு விரல் எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1860-இல் ஜேம்ஸ் வில்சன் வருமான வரியைக் கொண்டுவந்தார். ஆண்டுக்கு 200 ரூபாய்க்குக் குறைவாக ஈட்டியோர்க்கு விலக்கு அளிக்கப்பட்டது. அதனையொட்டி மோதர்பாவும் ஒழிந்தது. இந்தியர் பலர் அன்று வெறுத்த அந்த வருமான வரியே, தறியைக் கணக்கிடாமல் தறி தந்த பயனைக் கணக்கிட்டது என்பதை நம் நூல்கள் போதிய அளவு சொல்லவில்லை.

இன்று ஊராட்சிகளும் நகராட்சிகளும் தண்டும் தொழில் வரி, அரையாண்டு வருவாயை அடிப்படையாகக் கொண்டது. ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேற்படாதவாறு அரசியலமைப்புச் சட்டம் 1988-இல் அதற்கு வரம்பு இட்டது. மாதச் சம்பளம் பெறுவோர்க்குக் கையில் வருமுன்பே அது பிடிக்கப்பட்டுவிடுகிறது. அவர்க்கு நிலுவை என்பதே இல்லை. சொந்தத் தொழில் செய்யும் தச்சருக்கும் தையற்காரருக்கும் அரையாண்டு வருவாய் இன்னது என்று சொல்லும் ஏடு இல்லை. ஆகவே வரி தண்ட வருபவர் வாசலில் நின்று முதலில் பார்ப்பது கடையின் அகலத்தையும் உள்ளே இருக்கும் தையல் இயந்திரங்களின் எண்ணிக்கையையும்தான்.