காம்பவுண்ட் வில்லை வீட்டிலேயே ட்யூன் பண்ணலாமா? எதுவரை நீங்களே செய்யலாம், எங்கே நிறுத்தணும்?

மட்டாஞ்சேரியில் ஒரு மாடி வீடு. வெளியே ஜூன் மழை. காக்கநாடு இன்ஃபோபார்க்கில் வாரம் முழுக்க லேப்டாப்பைப் பார்த்த கண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை வேணும். கட்டில் மேல் உங்கள் காம்பவுண்ட் வில், பக்கத்தில் ஆலன் கீ செட், போனில் ஏதோ ஒரு வீடியோ. போன மாதம் வரை மஞ்சள் வட்டத்தில் விழுந்த அம்புகள் இப்போ இடதுபுறமாக ஒதுங்குகின்றன. திருகைத் திருப்பிப் பார்க்கலாமா?

கொஞ்சம் பொறுங்க. இந்த வேலையை மூன்றாகப் பிரிச்சுக்கோங்க: வீட்டில் அளப்பது, கடையில் பிரிப்பது, மைதானத்தில் எய்வது. இந்த மூன்றையும் ஒரே அறையில் செய்யப் போகும்போதுதான் வில்லும் உடைகிறது, ஆளுக்கும் அடிபடுகிறது.

இந்த வில் எப்படி வேலை செய்கிறது?

அமெரிக்காவின் ஹோலஸ் வில்பர் ஆலன் 1960-களில் உருவாக்கிய வடிவம் இது. 1969-ல் காப்புரிமை கிடைத்தது. சாதாரண வில்லில் நாணை இழுக்க இழுக்க பாரம் கூடிக்கொண்டே போகும். காம்பவுண்ட் வில்லின் இரு முனைகளிலும் 'கேம்' எனப்படும் சக்கரங்கள் இருக்கும். அவை வட்டமாக இல்லாமல் கோணலாக இருப்பதால், முழுசாக இழுத்த பிறகு பாரம் சட்டென்று குறையும். 60 பவுண்டு வில்லில் 80 சதவீதம் குறைந்தால், குறிபார்க்கும்போது விரலில் நிற்பது 12 பவுண்டுதான்.

ஃபோர்ட் கொச்சிக் கரையில் சீன வலை ஏறி இறங்குவதைப் பார்த்திருப்பீங்க. கயிற்றில் தொங்கும் கற்கள் சுமையில் ஒரு பங்கை ஏற்பதால்தான் சில பேரால் அந்தப் பெரிய வலையைத் தூக்க முடிகிறது. வில்லிலும் இதே மாதிரி ஒரு சமநிலை இருக்கு. நாண், இரண்டு கேபிள், இரண்டு கேம் எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒரு கேபிள் சில மில்லிமீட்டர் நீண்டாலும் மற்ற எல்லாமே நகரும்.

வீட்டில் என்னென்ன செய்யலாம்?

முதலில் அளவெடுங்க. வில்லின் லேபிளிலோ கையேட்டிலோ இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, மேல் கேம் அச்சிலிருந்து கீழ் கேம் அச்சு வரையுள்ள நீளம். மற்றொன்று, கைப்பிடியின் ஆழமான இடத்திலிருந்து நாண் வரையுள்ள தூரம், அதாவது 'பிரேஸ் ஹைட்'. உங்கள் அளவு கையேட்டோடு ஒத்துப்போகலைன்னா, நாணோ கேபிளோ நீண்டிருக்க வாய்ப்பு அதிகம். ரெஸ்ட்டை நகர்த்தி அதைச் சரிசெய்ய முடியாது.

அடுத்து இழுப்பு நீளம். இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, நடுவிரல் முனையிலிருந்து முனை வரை அங்குலத்தில் அளந்து 2.5-ஆல் வகுங்க. 70 அங்குலம் வந்தால் 28. இது தோராயக் கணக்குதான். ஆனாலும் இதற்கும் வில்லுக்கும் ஓர் அங்குலம் வித்தியாசம் இருந்தால், எவ்வளவு ட்யூன் பண்ணினாலும் குறி நிற்காது.

பாரத்தைக் கூட்டவோ குறைக்கவோ லிம்ப் போல்ட்டுகளைத் திருப்பலாம். மேலும் கீழும் சமமாக, கால் சுற்று கால் சுற்றாகத் திருப்புங்க. ஒரு முழுச் சுற்றுக்குப் பொதுவாக 2 முதல் 3 பவுண்டு மாறும். கையேடு சொல்லும் சுற்றுக்கு மேல் தளர்த்தினால் லிம்ப் கழன்று தெறிக்கும்.

பிறகு அம்பின் இருப்பு. நாணில் மாட்டிய அம்பு, ரெஸ்ட்டைப் பொருத்தும் திருகுத் துளைக்கு நேராக, நாணுக்குச் செங்குத்தாக இருக்கட்டும். மேலிருந்து பார்த்தால் நாணும் அம்பும் ஒரே கோட்டில் தெரியணும். பென்சிலால் குறியிட்டு, போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. ஏதாவது தப்பானால் பழைய இடத்துக்குத் திரும்ப அது உதவும்.

அம்பையும் பாருங்க

பல நேரம் குற்றம் வில்லில் இருக்காது, அம்பில் இருக்கும். அம்பின் மேல் 400, 500 என்று எழுதியிருப்பது அதன் விறைப்பு. 28 அங்குல இடைவெளியில் தாங்கிவைத்து, நடுவில் 880 கிராம் தொங்கவிட்டால் எவ்வளவு வளைகிறது என்ற கணக்கு அது. 400 என்றால் 0.4 அங்குலம். எண் குறைந்தால் விறைப்பு அதிகம். உங்கள் பாரத்துக்கும் அம்பு நீளத்துக்கும் எது பொருந்தும் என்று தயாரிப்பாளரின் அட்டவணையில் பார்த்து வாங்குங்க.

எடையும் முக்கியம். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் ஒரு பவுண்டு பாரத்துக்குக் குறைந்தது 5 கிரெய்ன் கேட்கிறார்கள். 60 பவுண்டுக்கு 300 கிரெய்ன், அதாவது 19 கிராமுக்குச் சற்று மேல். அதைவிட இலேசான அம்பு வில்லுக்கு ஆபத்து. ஒவ்வொரு முறையும் கார்பன் அம்பை மெதுவாக வளைத்து, விரிசல் சத்தம் வருதா என்று கேளுங்க. வந்தால் அது குப்பைக்குத்தான்.

எங்கே நிறுத்தணும்?

மெதுவாக இழுக்கும்போது மேல் கேமும் கீழ் கேமும் ஒரே நேரத்தில் நிற்கின்றனவா என்று நண்பரை வீடியோ எடுக்கச் சொல்லுங்க. இழுக்கும்போது அம்பு மாட்டியிருக்கணும், எதிரே தடுப்பு இருக்கணும். அதனால் இதை மைதானத்தில் செய்வதே நல்லது. ஒன்று முந்தினால் கேபிளை முறுக்கிச் சரிசெய்யணும். அதற்கு லிம்ப்களை அழுத்திப் பிடிக்கும் 'போ பிரஸ்' தேவை. பிரஸ் இல்லாமல் நாணைக் கழற்றாதீங்க. லிம்பில் சேர்ந்திருக்கும் விசை விடுபட்டால் கை எலும்பு உடையும்.

அதேபோல் அம்பு இல்லாமல் நாணை விடவே கூடாது. அம்புக்குப் போகவேண்டிய விசை முழுக்க லிம்பிலும் கேமிலும் இறங்கும். சும்மா காட்டுங்க என்று நண்பர் கேட்டாலும் வேண்டாம்.

பேப்பர் டெஸ்ட்டை அறையிலேயே செய்யலாமா?

சட்டத்தில் ஒட்டிய பேப்பரை சுமார் 2 மீட்டரிலிருந்து எய்து, கிழிசலைப் படிப்பதுதான் இந்தச் சோதனை. இடம் கம்மியாகப் போதும் என்பதால் ஹாலிலேயே செய்யத் தோணும். ஆனால் மட்டாஞ்சேரியின் ஒட்டு வீடுகளில் உங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் இருக்கு. இந்த அம்பு மரக்கதவையே துளைக்கும். பயிற்சி மைதானத்தில், சரியான தடுப்புக்கு முன்னால் செய்யுங்க.

வட்டத் துளை முனை போன இடம், கீறல்கள் இறகு போன இடம். இறகு மேலே கிழித்தால் ரெஸ்ட்டை ஒரு மில்லிமீட்டர் ஏற்றுங்க. கீழே கிழித்தால் இறக்குங்க. பக்கவாட்டில் கிழித்தால் முதலில் கைப்பிடியைத் தளர்த்திப் பிடித்துப் பாருங்க. இறுக்கிப் பிடித்து வில்லை முறுக்குவதே பாதி நேரம் காரணம். பிறகும் மாறலைன்னா ரெஸ்ட்டை ஒரு மில்லிமீட்டர் நகர்த்துங்க. கிழிசல் சின்னதானால் அதே திசையில் தொடரலாம், பெரிதானால் திரும்பி வாங்க. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், அதற்குக் குறைந்தது மூன்று அம்பு.

கொச்சி ஈரக்காற்று

உப்புக் காற்றில் முதலில் துருப்பிடிப்பது திருகுகள். எய்து முடித்ததும் துடைத்து, திருகுகளில் துளி எண்ணெய் தடவுங்க. பையில் சிலிக்கா ஜெல் போடுங்க. ஈரப் பையோடு மூடி வைக்காதீங்க. நாணுக்கு மெழுகு தேய்த்து விரல் சூட்டில் இறக்குங்க, நூல் சுற்றிய பகுதியைத் தவிர்த்து. வெயிலில் நிற்கும் காருக்குள் வில்லை விட்டுவிட்டுப் போகாதீங்க.

'ஹன்டிங்' வில் என்று விற்கிறார்களே?

அது வெளிநாட்டுச் சந்தைக்கான பெயர். இந்தியாவில் 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். முயற்சி செய்தாலே வேட்டைதான். முதல் அட்டவணை விலங்கு என்றால் 3 முதல் 7 ஆண்டு சிறை. கேரளாவில் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட்டாலும் அதற்கு அதிகாரிகளின் உத்தரவு வேண்டும்.

இந்த வில்லுக்கு இங்கே இடம் போட்டியில்தான். உலக வில்வித்தை விதிப்படி காம்பவுண்டுக்கு உச்ச பாரம் 60 பவுண்டு, தூரம் 50 மீட்டர், இலக்கு 80 சென்டிமீட்டர். 70 பவுண்டு வில் வைத்திருந்தால் லிம்ப் போல்ட்டில் குறைக்க முடியுமா என்று கையேட்டில் பாருங்க. 2023-ல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் காம்பவுண்டின் ஐந்து தங்கங்களும் இந்தியாவுக்குத்தான் வந்தன; ஜோதி சுரேகா, ஓஜஸ் தேவ்தலே இருவரும் தலா மூன்று. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி முதல்முறையாக இடம்பெறுகிறது.

எனவே இந்த ஞாயிறு டேப், நோட்டு, மெழுகு போதும். எண்களை எழுதி வைங்க. கையேட்டோடு ஒத்துப்போனால் மைதானத்துக்குப் போங்க. ஒத்துப்போகலைன்னா, ஆலன் கீயைக் கீழே வைத்துவிட்டு பிரஸ் இருக்கும் கடைக்குப் போங்க.